ஐந்து நிமிடச் சராசரி

உம்முல் குவைனுக்கு வெளியே
உப்புப் பூத்த சதுப்பில்
பதினாறு கம்பங்கள் நட்டிருக்கிறோம்.
மரமென்று நம்பி ஒருநாள்
ஒட்டகம் ஒன்று முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது.
தரவில் அதுவும் இருக்கிறது:
பதினான்காம் கம்பம், நாலு டெசிபல் குறைவு.

வேலை இவ்வளவுதான்.
மேலே ஒரு துடிப்பை எறிகிறோம்.
இருநூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில்
வெயில் உடைத்துப் போட்ட காற்று
அதைத் திருப்பி எறிகிறது.
நான் ஒருமுறை இமைப்பதற்குள்
நூறு தடவை போய்வந்துவிடலாம்.

போன குரலும் வந்த குரலும்
ஒன்றாய் இருப்பதில்லை.
விநாடிக்கு ஐம்பது லட்சம் அதிர்வு.
அதில் ஒற்றை அதிர்வின்
இருபதில் ஒரு பங்கு கூடினால்
மேலே கூரை இறங்குகிறது என்று கணக்கு,
ஒரு ஆள் நடக்கிற வேகத்தில்.
பழைய வாய்பாட்டில்
இருபதில் ஒன்றுக்கு மா என்று பெயர்.
பூக்காத, காய்க்காத மா.
அதைப் பறிக்கத்தான்
இவ்வளவு இரும்பும் இத்தனை விசாவும்.

அறிக்கைக்கு அதெல்லாம் வேண்டாம்.
மேற்பார்வையாளர் ராஃபத் கேட்பது
ஐந்து நிமிடச் சராசரி.
இஸ்திரி போட்ட கோடு.
வானத்தில் எதுவும் நடக்கவில்லை என்று
கையெழுத்துப் போட வசதி.

பொறியாளர் ஷம்மா வந்த முதல் வாரம்
அந்தக் கோட்டை விநாடி விநாடியாகப் பிரித்தாள்.
சுருக்கம், நடுக்கம், மயிர்க்கூச்சு.
மாலைத் தொழுகை அழைப்பின்போது
கூரை மொத்தமும் கலங்கி எழுவதை
அன்றுதான் பார்த்தேன்.
மூன்று வருடமாக அதன் கீழேதான்
டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை. பகல் 12:52.
வெளிவேலை கூடாதென்று சட்டம் சொல்லும் நேரம்.
எதிரொலி
விருட்டென்று ஒரு பக்கம் எகிறியது,
அப்புறம் இல்லை.
திரையில் வெறும் மணல்.

'கனெக்டர்' என்றார் ராஃபத்.
என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஓடினேன்.
பதினாறு இணைப்பு.
திருகு, துடை, முடுக்கு.
ஏழாவதில் துணி காய்ந்துவிட்டது.
மிச்ச ஒன்பதுக்கும் கைதான்.
ஒன்றுகூடத் தளரவில்லை.
கம்பங்களுக்கு நிழல்கூட இல்லை.

திரும்பி வந்தபோது
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
என் பெயர் எழுதியிருந்தது. அந்திரேயான்.
எழுத்துப்பிழை இல்லாமல்,
முதல் முறையாக.

நாற்பது நிமிடம் கழித்து
எதிரொலி தானாக வந்தது,
மீன்பிடிக்கப் போன ஆள்போல ஒன்றும் சொல்லாமல்.

ஷம்மா சார்ஜாவிலிருந்து கூப்பிட்டாள்.
சூரியனில் ஒரு வெடிப்பாம்.
கீழ்த்தட்டு திடீரென்று தடித்து
எங்கள் துடிப்பை நடுவழியில் குடித்துவிட்டதாம்.
மறுநாள் வந்து என் பெயரை அடித்து
பக்கத்தில் 'சூரியன்' என்று எழுதினாள்.
ஒரே கட்டத்தில் இரண்டு பேர் இருக்கிறோம்.

அன்று இரவு போட்டிமில் டெல்பினா.
எப்படி இருக்கீங்க.
நல்லா இருக்கேன் என்றுதான் வாய் போனது.
பதினொரு வருடமாக
நான் அனுப்பிவரும் ஐந்து நிமிடச் சராசரி.

நிறுத்தினேன்.
வலது உள்ளங்கையில் மூணு கொப்புளம்,
பகல் ஒண்ணேகாலிலிருந்து என்றேன்.
ஒன்று உடைந்துவிட்டது என்றேன்.

அந்தப் பக்கம் சத்தம் இல்லை.
நெட்டின் தாமதமா, அவளுடையதா,
பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை.

பிறகு சொன்னாள்:
'பெரிய வெள்ளிக்கு முன்னாடியிருந்தே
எனக்கும் இடதுகை மரத்துப் போகுது.
சொல்ல வேண்டாம்னு இருந்தேன்.'

பேனாவை எடுத்தேன்.
எத்தனை மணிக்கு, டெல்பினா?
ஒவ்வொரு தடவையும்
எவ்வளவு நேரம்?